ஆணிவேர் போட்ட நாற்பது மதிப்பெண்

எங்கள் அலுவலகத்தில் அவருக்கு ஆணிவேர் என்று பெயர். வைத்தவர் மேலாளர். ஒவ்வோர் ஆண்டுக் கூட்டத்திலும் அவரை எழுந்து நிற்கவைத்து, "இவருதான் நம்ம ஆணிவேர்" என்பார். நாங்கள் கைதட்டுவோம். பதவி உயர்வு வேறு யாருக்காவது போகும். வேர் மண்ணுக்குள் கிடப்பதுதானே, அதற்கெதற்கு உயர்வு என்று நினைத்துவிட்டார்கள் போல.

எங்களுடையது லிப்ட் பராமரிப்பு நிறுவனம். எந்தக் கட்டடத்தில் லிப்ட் நின்றாலும், பக்கத்தில் எந்த மெக்கானிக் இருக்கிறார் என்று பார்த்து அனுப்புவதற்கு ஒரு மென்பொருள் உண்டு. இருபத்திரண்டு வருடங்களுக்கு முன் அதை எழுதியவர் இவர். சாம்பல் நிறத் திரை, அதில் சாம்பல் நிறப் பொத்தான்கள். உள்ளே என்ன நடக்கிறது என்பது இவரைத் தவிர ஒருவருக்கும் தெரியாது. அதனால் மனிதருக்கு லீவே கிடையாது. மைத்துனன் கல்யாணத்தில்கூடச் சாப்பாட்டில் பாதியில் எழுந்துபோய், எச்சில் கையோடு போனில் வழி சொல்லிக்கொண்டிருந்தார். "நீங்க அந்தக் கம்ப்யூட்டரையே கட்டியிருக்கலாம்" என்று அவர் மனைவி எல்லோர் முன்னிலும் சொன்னாராம்.

அவர் அதை எழுதியிருந்த பழைய கணினி மொழியைத் தயாரித்தவர்கள் போன வருடம் கையை விரித்துவிட்டார்கள். இனிப் பழுது பார்க்க மாட்டோம், வேறு மொழிக்கு மாறிக்கொள்ளுங்கள் என்று கடிதம் வந்தது. எந்த மொழி என்று முடிவு செய்ய மூன்று பேர் குழு: மேலாளர், ஆணிவேர், நான். அடுத்தவர் எழுதியதில் பிழை கண்டுபிடிப்பதுதான் எனக்கு உத்தியோகம். மேலாளருக்கு எந்த மொழியும் தெரியாது. விமானத்தில் பக்கத்து சீட்டுக்காரர் சொன்னதை வைத்து இரண்டு பெயர்களை உருப்போட்டு வைத்திருந்தார்.

பட்டியலில் மூன்று மொழிகள். முதலாவது பழையதற்கு ஒன்றுவிட்ட தம்பி மாதிரி. பழைய திரைகளை அப்படியே ஏற்றுக்கொள்ளும். மற்ற இரண்டையும் அவர் ஐம்பத்து மூன்று வயதில் அனா ஆவன்னாவிலிருந்து படிக்க வேண்டும்.

"முதலாவது ஜெயிச்சா ரிட்டையர் ஆகற வரைக்கும் தப்பிச்சேன்மா. இல்லன்னா எனக்கு இங்க என்ன வேலை?" என்றார் என்னிடம்.

மதிப்பெண் அட்டவணை தயாரிக்கும் பொறுப்பும் அவர் தலையில்தான் விழுந்தது. இரண்டு நாள் உட்கார்ந்து தயாரித்தார். வேகத்துக்கு இருபது, பாதுகாப்புக்கு இருபது, பழையதை மாற்றும் சுலபத்துக்கு இருபது. எல்லாவற்றுக்கும் மேலே ஒரு வரி: எழுதியவர் இல்லாத நாளில் இன்னொருவர் உடனே வந்து உட்கார்ந்து வேலை பார்க்க முடிய வேண்டும். அதற்கு நாற்பது.

"எதுக்குண்ணே இதுக்கு இவ்வளவு?"

"பத்து நாள் சேர்ந்தாப்புல லீவு போட்டு அவளை எங்கயாவது கூட்டிட்டுப் போகணும்மா."

மேலாளர் அந்த வரியை இரண்டு முறை படித்தார். அவர் ஒரு காகிதத்தை இரண்டு முறை படித்து அன்றுதான் பார்த்தேன். "அருமையான பாயின்ட்" என்றார்.

முதல் மொழி தெரிந்தவர்களை ஊரெல்லாம் தேடினாலும் ஒரு காரில் அடக்கிவிடலாம். அந்த வரியில் அதற்கு நாலுதான் கிடைத்தது, மொத்தம் அறுபது. மூன்றாவது மொழியைக் கல்லூரிக்குக் கல்லூரி சொல்லித் தருகிறார்கள், அதற்கு அறுபத்தெட்டு. ஆணிவேர் பென்சிலை வைத்து இரண்டு தடவை கூட்டிப் பார்த்தார்.

"அண்ணே, அந்த நாலுக்கு முன்னாடி ஒரு ஒண்ணு போடுங்க. யாரு பாக்கப் போறா?"

"தப்பு கண்டுபிடிக்கற ஆளு பேசற பேச்சாம்மா இது?" என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நேர்மையை யாருமே கேட்காத இடத்தில்தான் இவருக்கு அது பொங்கிக்கொண்டு வரும்.

பிறகு தடிப்புத்தகம் ஒன்றை வாங்கிச் சாப்பாட்டு நேரத்தில் படித்தார். எட்டே மாதத்தில் மொத்தத்தையும் புது மொழியில் எழுதி முடித்தார். எந்த மெக்கானிக்குக்கு முட்டிவலி, எந்தக் கட்டடத்தின் காவலாளி மதியம் கதவைத் திறக்க மாட்டான் என்பது வரை தன் தலைக்குள் இருந்ததையெல்லாம், யார் படித்தாலும் விளங்கும்படி வரிக்கு வரி குறிப்பாக எழுதி வைத்தார். புதிதாகச் சேர்ந்த இரண்டு பேரைப் பக்கத்தில் உட்காரவைத்துக் காட்டியும் கொடுத்தார்.

ஒன்பதாம் மாதம் அவருக்குக் கடிதம் வந்தது. இனி அவர் தேவையில்லை. காரணமாக அட்டவணையின் முதல் வரியையே எடுத்துப் போட்டிருந்தார்கள். "நீங்களே எழுதினதுதானே சார்" என்றார் மேலாளர், பாராட்டுகிற குரலில்.

அவர் போனபின் புது மென்பொருள் எப்போது குப்புற விழும் என்று அலுவலகமே காத்திருந்தது. மூன்றாவது வாரம் அவர் போன் செய்தார்.

"என்னம்மா, ஏதாவது மக்கர் பண்ணுதா?"

"இல்லண்ணே. நல்லா ஓடுது."

"தப்பான ஆளை எங்கயாவது அனுப்பிச்சுதா?"

"இல்லண்ணே."

"நல்லா தேடிப் பாத்தியா?"

"மூணு வாரமா அதைத்தாண்ணே பண்ணிட்டிருக்கேன்" என்றேன். "ஒண்ணும் கிடைக்கல."