சுவரோரத்துச் சூடு

வாளையார்ப் பக்கத்துப் பொறியியல் கல்லூரி ஒன்றில் ரிஞ்சுவுக்கு ஒரு பெட்டியோடுதான் குடித்தனம். ஆளுயரப் பெட்டி. ஒரு பக்கச் சுவர் சூடு, எதிர்ச்சுவர் குளிர்ச்சி. உள்ளே விசிறி கிடையாது. சூடான காற்று தானாக மேலே ஏறும், குளிர்ந்தது இறங்கும், நடுவில் தாறுமாறாகக் கலங்கிச் சுழலும். அந்தக் கலக்கத்தைக் கணிக்கக் கணினியில் பல கணக்குமுறைகள் உண்டு. எந்த முறை சொல்வது பெட்டியில் அளந்ததோடு ஒத்துப்போகிறது என்று பார்ப்பதுதான் அவள் ஆராய்ச்சி. கேட்கச் சின்ன வேலைதான், செய்து பார்த்தவளுக்கல்லவா தெரியும்!

இதற்காகத்தான் மகள் ஜிஸ்மியைத் தேவிகுளத்தில், தேயிலை ஆலையில் வேலை பார்க்கும் கணவன் வினோவிடம் விட்டுவிட்டு வந்திருந்தாள். வரும்போது பிள்ளைக்குப் பேச்சே திருந்தவில்லை. இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். ரிஞ்சுவுக்கு அவள் தலையைப் பின்னிவிட ஆசை, சோறு ஊட்ட ஆசை, சும்மா பக்கத்தில் படுத்திருக்கவாவது ஆசை. ஆய்வேட்டின் கடைசி அத்தியாயத்தைக் கொடுத்துவிட்டால் கிறிஸ்துமஸுக்கு மூட்டை முடிச்சோடு ஒரேயடியாக வீடு போய்விடலாம்.

வழியும் பிறந்தது. சீக்கிரம் ஓடி முடியும் முறை ஒன்று பெட்டியின் நடுவில் அளந்த வெப்பநிலையை அப்படியே சொன்னது. ரிஞ்சு துள்ளிக் குதிக்காத குறைதான். அதோடு விட்டாளா? சுவரோரமும் பார்த்தாள். சுவரிலிருந்து காற்றுக்குப் போகும் வெப்பத்தை அதே முறை கன்னாபின்னாவென்று கூட்டிக் காட்டியது. வெப்பம் கைமாறுகிற இடமே அதுதான். அங்கே தப்பாகச் சொல்லிவிட்டு நடுவில் ஒத்துவந்து என்ன புண்ணியம்? சுவரோரத்தை நுணுக்கிப் பார்க்கும் இன்னொரு முறை இருந்தது. ஆனால் அது ஆமை வேகம். அதை எடுத்தால் வீடு போவது அரை வருஷம் தள்ளிப்போகும்.

நெறியாளர் தனபால் கெட்டவர் இல்லை. அவள் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னார். "நடுவுல ஒத்து வருதுல்லங்கம்மா, அது போதும். செவுத்தப் பத்தி யாரும் கேக்க மாட்டாங்க. எழுதிக் குடுத்துட்டு ஊட்டுக்குப் போங்க."

எழுத உட்கார்ந்தாள். பாழாய்ப்போன மனசு கேட்கவில்லை. அத்தியாயம் தயாரில்லை என்று அவரிடம் சொல்லிவிட்டு, மெதுவான முறையை ஓடவிட்டாள்.

பிறகு வீட்டுக்குப் பேசினாள். கிறிஸ்துமஸுக்கு எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டும், ஒரேயடியாக வர மழைக்காலம் ஆகிவிடும் என்றதும் வினோ போனைப் பிள்ளையிடம் கொடுத்தான். அழப்போகிறாள், என்ன சொல்லித் தேற்றுவது என்று ரிஞ்சு வார்த்தை தேடிக்கொண்டிருந்தாள்.

"பரவாயில்லம்மா, நீ பைய வா," என்றாள் ஜிஸ்மி. "எனக்குப் பழகிருச்சு."

அழுதிருந்தால்கூட ரிஞ்சு தாங்கியிருப்பாள்.