உப்புத் தண்ணீரும் பச்சைத் தண்ணீரும்

தம்பியின் கையில் ஏற்றிக்கொண்டிருந்த டிரிப்ஸ் பாட்டிலின் மேல் ஒட்டியிருந்த தாளைப் படித்தபோதுதான் எனக்குப் பொறி தட்டியது. வாந்தியும் பேதியுமாக அவனை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். அத்தனை பெரிய பாட்டிலில் இருந்தது ஏதோ உயர்ந்த மருந்து என்று நினைத்திருந்தேன். வெறும் உப்புத் தண்ணீர்! அன்று காலையில்தான் அம்மா பாசாரிலிருந்து வாங்கி வந்த, துவண்டு கிடந்த கங்கோங் கீரையைக் குழாய்த் தண்ணீரில் போட்டு வைத்தார். அரை மணி நேரத்தில் தண்டெல்லாம் விறைத்துக்கொண்டது. கீரைக்குப் பச்சைத் தண்ணீரே போதும் என்றால் தம்பிக்கு மட்டும் எதற்கு உப்பு?

தாதியிடம் கேட்டேன். "மிஸ்ஸி, வெறும் தண்ணி ஏத்துனா என்ன ஆவும்?"

"ரத்தம் உடைஞ்சி போயிடும்லா. ஏன், தம்பி மேல டெஸ்ட் பண்ணிப் பாக்கப் போறியா?"

"மிஸ்ஸி, அக்காவ வெளிய அனுப்புங்க" என்றான் தம்பி, கண்ணைத் திறக்காமலே.

எங்கள் நான்காம் படிவ உயிரியல் பாடப்புத்தகத்தில் ஓர் அட்டவணை உண்டு. ஒரு பக்கம் தாவரச் செல், மறுபக்கம் விலங்குச் செல். மலாயில் 'டிண்டிங் செல்', அதாவது செல் சுவர்: இதில் உண்டு, அதில் இல்லை. நூறு தடவை ஒப்பித்திருப்பேன். அந்தச் சுவர் எதற்கு என்று ஒரு தடவைகூட நான் கேட்டதில்லை. கட்டிலோரம் நின்றபடியே விளங்கிவிட்டது. தண்ணீர் இரண்டு செல்லுக்குள்ளும்தான் ஏறுகிறது. கீரையின் செல் உப்பி, சுவரில் முட்டி, அதனாலேயே விறைத்து நிற்கிறது. ரத்தச் செல்லுக்கு இருப்பது மெல்லிய சவ்வு மட்டும். முட்டி நிற்க இடமில்லை, வெடித்துவிடுகிறது. உப்பு கலந்திருந்தால் தண்ணீர் அப்படி உள்ளே பாயாது.

இதை யாரிடமாவது சொல்லாவிட்டால் நானே வெடித்துவிடுவேன் போலிருந்தது. மறுநாள் என் பக்கத்து இருக்கைத் தோழியிடம் சொல்லி, இதையே கண்காட்சிக்குக் கொண்டுபோகலாம் என்றேன். மாநில அறிவியல் கண்காட்சிக்குப் பள்ளியிலிருந்து ஒரே ஒரு குழுதான் போகும். எங்கள் படிவத்தில் மதிப்பெண்படி பிரித்த மூன்று வகுப்புகளில் நாங்கள் கடைசி. முதல் வகுப்புக்காரர்கள் வெங்காயத் தோலையும் கன்னத்துச் செல்லையும் காட்டுவதாகப் பெயர் கொடுத்துவிட்டார்கள். பூஞ்சை பிடிக்காத ஒரே மைக்ராஸ்கோப்பும் அவர்கள் கைக்குப் போய்விட்டது.

"மைக்ராஸ்கோப் இல்லாம செல்லக் காட்டப் போறியா? உனக்குக் கிறுக்குதான்டி" என்றாள் தோழி.

"செல்லக் காட்ட வேணாம். அது என்ன பண்ணுதுன்னு காட்டலாம்."

முதல் முயற்சி அசிங்கமாகத் தோற்றது. பாசாரில் ஆட்டிறைச்சிக் கடையில் ரத்தம் கேட்டேன். கடைக்கார அண்ணன் பிளாஸ்டிக் பையில் கட்டித் தந்தார். வீட்டுக்கு வந்து பார்த்தால் கட்டி தட்டிப்போய் ஆகார்-ஆகார் மாதிரி ஆடுகிறது! பொரியலுக்கு வாங்கும் ரத்தம் அப்படித்தான் இருக்கும் என்று வருஷக்கணக்காகச் சாப்பிட்ட எனக்குத் தோன்றவே இல்லை. நான் தலையில் கை வைத்து உட்கார்ந்திருக்க, அம்மா வெங்காயமும் தேங்காயும் போட்டு வதக்கிவிட்டார். ஆராய்ச்சியை மதியச் சோற்றோடு சாப்பிட்டு முடித்தோம்.

சரி, ஆடு வேண்டாம். என் விரல் இருக்கிறதே.

பள்ளிக் குழுவைத் தேர்ந்தெடுக்கும் நாளில் வெளிப்பள்ளி ஆசிரியர்கள் மூன்று பேர் நடுவர்களாக வந்தார்கள். முதல் வகுப்பு மேசையில் வரிசையில் நின்று, ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு, நெடுநேரம் பார்த்தார்கள். எங்கள் மேசையில் இரண்டு கிண்ணம், இரண்டு சோதனைக்குழாய். அவ்வளவுதான். "இங்க என்ன, காயும் பழமும் நறுக்கிப் போடுற ரோஜாக் கடையா?" என்று முதல் வகுப்புக்காரி ஒருத்தி கேட்டது எனக்கு நன்றாகவே காதில் விழுந்தது.

கங்கோங் தண்டை நீளவாக்கில் கீறி முன்கூட்டியே கிண்ணங்களில் போட்டிருந்தோம். பச்சைத் தண்ணீரில் கிடந்தது சுருள் சுருளாக விறைத்திருந்தது. உப்புத் தண்ணீரில் கிடந்ததைத் தோழி தூக்கிக் காட்டினாள். நூடுல்ஸ் மாதிரி தொங்கியது. பிறகு எங்கள் உயிரியல் டீச்சர் கொடுத்த ஊசியால் நடுவர்கள் முன்பே விரலைக் குத்தி, குழாய்க்கு மூன்று சொட்டு விட்டேன். உப்புத் தண்ணீர்க் குழாய் கலங்கிச் சிவந்தது. பச்சைத் தண்ணீர்க் குழாயும் முதலில் கலங்கியது. பிறகு மெல்ல மெல்லத் தெளிந்து, கண்ணாடி போன்ற சிவப்பாக நின்றது.

"பின்னால எழுத்து எதாவது வெச்சுப் பாருங்க சார்" என்றேன் மலாயில்.

மூத்த நடுவர் கையிலிருந்த தாளையே குழாய்களுக்குப் பின்னால் பிடித்தார். கலங்கலில் ஒன்றும் தெரியவில்லை. தெளிந்ததன் வழியே எல்லாம் தெரிந்தது, முதல் வகுப்புக்கு அவர் போட்டிருந்த மதிப்பெண் உட்பட! சட்டென்று தாளைத் திருப்பிக்கொண்டார். மற்ற இருவரும் சிரித்துவிட்டார்கள்.

சுவரைப் பற்றி நான் மூச்சு விடாமல் சொல்லி முடித்ததும் அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "கடலோரச் சதுப்புல பாக்காவ் மரம் நாள் பூரா உப்புத் தண்ணியிலதானே நிக்குது? அது மட்டும் ஏன் உன் கங்கோங் மாதிரி தொங்கல?"

"தெரியாது சார். கண்டுபிடிச்சிட்டு வந்து சொல்றேன்" என்றேன்.

"எங்க வந்து சொல்வே?"

"கண்காட்சியில."

மதியம் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். கடைசி வகுப்புதான் போகிறது! தோழி மேசை மேல் ஏறிக் கத்தினாள். ரோஜாக் என்று சொன்னவளே வந்து, விரல் வலிக்கிறதா என்று கேட்டுவிட்டுப் போனாள்.

கண்காட்சிக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. வரும் ஞாயிறு காலை, கடல் தண்ணீர் உள்வாங்கியதும், பஸ் ஏறிக் கடலோரச் சேற்றுக்குப் போகிறோம். பாக்காவ் கிளை இரண்டு வெட்டி, ஒன்றைக் கடல் தண்ணீரிலும் மற்றதை மழைத் தண்ணீரிலும் நிறுத்திப் பார்க்க வேண்டும். அதற்கும் முன்னால், வேர் உள்ளே இழுக்கும் உப்பு இலை வரைக்கும் போகிறதா என்று பார்க்க வேண்டும். அதற்கு இலையை நக்கித்தான் ஆகவேண்டும். "நீயே நக்கு" என்று சொல்லிவிட்டாள் தோழி. நக்குகிறேன்.