ஆறாம் நம்பர் ரவை

என் நாயின் உடம்பிலிருந்து தென்காசி கால்நடை மருத்துவர் எடுத்துக் கொடுத்த துப்பாக்கி ரவைகள் பதினொன்று. அவற்றை ஒரு மாத்திரை டப்பாவில் போட்டு வாங்கி வந்தேன். எக்ஸ்ரே படத்தில் இன்னும் இருபத்திரண்டு தெரிந்தன. அவை நாயோடு தென்னை மூட்டில் புதைந்துவிட்டன.

சுட்டவன் பக்கத்துத் தோட்டக்காரன், பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று வந்தவன். இலஞ்சியில் எங்கள் தோட்டங்களுக்கு நடுவே ஒரு வரப்பும், என் பக்கத்தில் ஒரு தாழ்ந்த முள்வேலியும்தான். மலையிலிருந்து பன்றி இறங்குகிறது என்று பயிர்ப் பாதுகாப்புக்கு உரிமம் வாங்கி ஒற்றைக்குழல் துப்பாக்கி வைத்திருந்தான். சாயங்காலம் வானத்தைப் பார்த்து ஒரு வேட்டு வைப்பான். அந்தச் சத்தத்தில் என் சேனைக்கிழங்கும் சேர்ந்து தப்பியது. அதை நான் மறுக்கவில்லை.

நாயைப் புதைத்த மறுநாள் வாசலில் வந்து நின்றான்.

"அண்ணாச்சி, மன்னிச்சுக்கிடணும். மசங்கல் நேரம், கண்ணு சரியாத் தெரியல. பன்னின்னுல்லா நெனச்சுட்டேன்."

"பன்னிக்கு எந்தத் தோட்டா போட்ட?"

"அதெல்லாம் இப்ப எதுக்கு அண்ணாச்சி?"

"சொல்லுலே."

"எஸ்.ஜி.தான். பின்ன என்னத்தப் போடுவாக?"

பொய். நானும் முப்பத்தொரு வருடம் துப்பாக்கி வைத்திருந்தவன். கை நடுங்க ஆரம்பித்தபோது நானாகவே கொண்டுபோய் ஒப்படைத்தேன். குழல் ஒன்றாக இருந்தாலும், அது எதற்கு என்பதைத் தோட்டாதான் முடிவு செய்யும். பன்றிக்குத் தோல் தடிப்பு, அதற்குக் கீழே கொழுப்பு. கனமான குண்டு சிலவே போதும், ஆனால் உள்ளே இறங்க வேண்டும். எல்.ஜி. தோட்டாவில் ஆறு, எஸ்.ஜி.யில் ஒன்பது. ஒவ்வொன்றும் பச்சைப் பட்டாணி அளவு இருக்கும். ஆறாம் நம்பரில் இருநூற்றுக்கு மேல் இருக்கும், கடுகைவிடச் சற்றே பெரிய ரவை. வெளியே வந்ததும் விரிந்து போகும். பறக்கிற புறாவுக்கும் காடைக்கும் அதுதான் சரி. பன்றியின் மேல் அடித்தால் அதற்குக் கோபம்தான் வரும், திரும்பி வந்து தொடையைக் கிழிக்கும். குரங்குக்கு வெறும் சத்தம் போதும். இதெல்லாம் பட்டாளத்துக்காரனுக்குத் தெரியாதா?

டப்பாவில் இருந்தது ஆறாம் நம்பர். அப்படியென்றால் அவன் பறவைக்குத்தான் போயிருக்கிறான். அந்த வருடம் அவன் நிலக்கடலையைக் கிளறிக்கொண்டிருந்தது மயில். குமாரகோவில் இருக்கிற ஊரில், பங்குனி உத்திரத்துக்குக் காவடி எடுக்கிறவன், மயிலைச் சுடப் போனேன் என்று எப்படிச் சொல்வான்? சட்டமும் விடாது, ஊரும் விடாது. அதனால் பழியைப் பன்றி மேல் போட்டான். நடுவில் நின்று குரைத்தது என் நாய்.

டப்பாவை அலமாரியில் வைத்தேன். அவனுடைய உரிமம் புதுப்பிக்க வரும்வரை காத்திருந்தேன். அக்கம்பக்கத்தில் போலீஸ் விசாரிக்கும் என்பது எனக்குத் தெரியும்.

விசாரணைக்கு முந்தின நாள் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கூப்பிட்டான்.

"அண்ணாச்சி, நாளைக்கு எஸ்.ஐ. வருதாக. நல்லதா ரெண்டு வார்த்தை சொல்லுங்க. வேட்டுச் சத்தம் இல்லேன்னா உங்க சேனையும் நிக்காது, பாத்துக்கிடுங்க."

"எத்தன மூடு சேன நிக்குன்னு தெரியுமாலே ஒனக்கு?"

"நான் எங்க எண்ணுனேன்?"

"நானூத்திப் பன்னெண்டு. நான் எண்ணிட்டுத்தான் இருக்கேன்."

உள்ளே வந்ததும் மனைவி பிடித்துக்கொண்டாள். "நாயும் போச்சு, கெழங்கும் போணுமா? நாளைக்கு வாய மூடிக்கிட்டு இரிங்க."

மூடவில்லை. எஸ்.ஐ. சின்ன வயதுக்காரர். என் வீட்டு முற்றத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். பக்கத்துத் தோட்டக்காரன் நெற்றி நிறையத் திருநீறோடு கைகட்டி நின்றான்.

"ஆட்சேபணை ஏதும் உண்டாய்யா?"

டப்பாவைத் திறந்து நீட்டினேன். "இது என்ன நம்பர்னு பாருங்க சார்."

அவர் ஒன்றை எடுத்து விரலுக்கிடையில் உருட்டினார். "ஆறு மாதிரி தெரியுது."

"என் நாய் ஒடம்புல இருந்து எடுத்தது. பன்னியச் சுட்டேன்னு சொல்லுதான். பன்னிக்கு ஆறு போடுவாகளா?"

எஸ்.ஐ. அவன் பக்கம் திரும்பினார். "என்ன அண்ணாச்சி, கொக்கா? இல்ல, மயிலா?"

அவன் நெற்றித் திருநீறு வேர்வையில் கரைந்து மூக்கில் இறங்கியது. அதை நான் கடைசிவரை பார்த்தேன்.

புதுப்பித்துக் கொடுக்கவில்லை. துப்பாக்கி ஸ்டேஷனுக்குப் போனது.

சாரல் தொடங்கியதும் பன்றிகள் இறங்கின. என் வேலி தாழ்ந்தது என்பதால் முதலில் என் தோட்டத்துக்குத்தான் வந்தன. இதுவரை நூற்றி எண்பத்தேழு மூடு போய்விட்டது, மீதி இருநூற்றி இருபத்தைந்து. அவன் நிலக்கடலையும் பாதிக்கு மேல் போயிற்று. இப்போது இருட்டத் தொடங்கியதும் பழைய எண்ணெய் டின்னைத் தட்டிக்கொண்டு, "ஹோய், ஹோய்" என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டு வரப்பில் நடக்கிறான். பன்றிகளுக்கு அந்தச் சத்தம் பழகிவிட்டது. எனக்கு இன்னும் அலுக்கவில்லை. நாற்காலியைப் பின்வாசலுக்கு இழுத்துப் போட்டு உட்கார்ந்து கேட்கிறேன்.

நேற்று அலமாரியைத் துடைக்கும்போது மனைவி டப்பாவை எடுத்துக் குலுக்கினாள். "அதான் அவன் துப்பாக்கி போயிட்டுல்லா? இன்னும் இது என்னத்துக்கு? தூரப் போடுதேன்."

"அங்கனயே வையி," என்றேன். "மறுபடியும் மனு போடுவான்."