சம்பந்தியின் தோளும் சுவர்க் கோடுகளும்

என் பேத்தி பிறந்து ஐந்து மாதம் ஆகிறது. மூக்கு என்னுடையது, அதை யாருக்கும் விட்டுத்தர மாட்டேன். இது அவளுடைய இன்னொரு தாத்தாவின், அதாவது என் சம்பந்தியின் கதை.

சம்பந்தி சலூன் வைத்திருக்கிறார். முப்பது வருடம் கத்திரி பிடித்த வலது கை, பேத்தி பிறந்த மாதம் தோளோடு இறுகிப்போனது. நெஞ்சுக்கு மேல் ஏறவில்லை. நான்கு மாதத்தில் சரியாகாவிட்டால் கடையை வாடகைக்கு விட்டுவிடலாம் என்று அவர் மகன், என் மருமகன், சொல்லிவிட்டார்.

"விடுறதாவது! ஒரு வைத்தியம் தோத்தா இன்னொண்ணு," என்றார் சம்பந்தி.

முதலில் பார்த்த பிசியோதெரபிஸ்ட் கையை வலிக்க வலிக்கத் தூக்குவார். கண்ணில் தண்ணீர் கொட்டும். பிறகு இன்னொரு பிசியோதெரபிஸ்ட் அம்மாவிடம் போனார். அவர் தோள் மூட்டைப் பிடித்து, எலும்பைக் குழிக்குள் மெல்ல மெல்ல நகர்த்துவார்.

"பூனையைத் தடவுற மாதிரி இருக்கு. இதுல என்ன ஏறப்போகுது?" என்பார் சம்பந்தி.

எது மேல் என்று பார்க்க அவரே ஒரு அளவு வைத்தார். சலூனில் சுவரோரம் இருக்கும் முடிவெட்டும் நாற்காலியில் முதுகு ஒட்ட உட்கார்ந்து கையைத் தூக்குவார். விரல் சுவரில் தொட்ட இடத்தில் சம்பந்தியம்மா பென்சிலால் கோடு போடுவார். முதல் ஆளிடம் கோடு இரண்டு விரல் அகலம் ஏறியது. அந்த அம்மாவிடம் இரண்டாவது வாரமே இறங்கியது.

"நாளையிலருந்து பழைய ஆள்தான். அழுதாலும் பரவாயில்ல."

அன்று அதே நாற்காலியில் பேத்தியோடு உட்கார்ந்து, கண்ணாடியில் எங்கள் மூக்குகளை ரசித்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் அவள் முகம் கண்ணாடி முன் இருந்த பவுடர் டப்பாக்களுக்குப் பின்னால் மறைந்துவிட்டது. நான் அசையவே இல்லை.

"சம்பந்தி, உங்க கை இறங்கல. நாற்காலிதான் இறங்குது!"

சம்பந்தி நாற்காலியின் கால் பம்பை மிதித்து ஏற்றினார். பார்த்துக்கொண்டே இருந்தோம். இறங்கியது.

"அட, இத நம்பியா அந்தம்மாவைத் திட்டினேன்?"

"நாற்காலிக்கும் உங்க வயசுதானே," என்றார் சம்பந்தியம்மா.

சம்பந்தி கோடுகளை எல்லாம் ஈரத்துணியால் துடைத்தார். மர ஸ்டூலைச் சுவரோடு போட்டு, புதுக் கோடு போட்டு, அந்த அம்மாவிடமே தொடர்ந்து போனார். சொல்லிக்கொடுத்த பயிற்சியை ஒரு நாளும் விடவில்லை. ஆறு வாரத்தில் நான்கு விரல் ஏறியது. முதல் ஆளின் வேலையும் இதில் சேர்ந்திருக்கலாம் என்று அந்த அம்மாவே சொன்னாராம்.

"இருக்கட்டும். அழாம ஏறுதில்ல? எனக்கு இதுதான்."

கெடு முடிந்த நாளில் மருமகன் ஒருவரை அழைத்துக்கொண்டு வந்தார். சம்பந்தி என் தலையில் வேலையாக இருந்தார். நடுவில் இரண்டு முறை கையைத் தொங்கவிட்டார். பிறகு மறுபடி தூக்கினார்.

"யாருடா அது? முடி வெட்டணும்னா உக்காரச் சொல்லு. கடை வேணும்னா போகச் சொல்லு."