கிரகணத்துக்குப் பிடித்த குடை

எனக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது. இதைச் சொன்னதும் எதிரே இருப்பவர்கள், நான் ஏதோ தீராத வியாதியைச் சொல்லிவிட்டதுபோல முகத்தை வைத்துக்கொள்வார்கள். பிறகு பரிவோடு, "சின்ன வயசுல மனசுல என்னமாம் அடி பட்டிருக்கும்" என்பார்கள். அடியும் இல்லை, பிடியும் இல்லை. வளர்ந்த வீடு அப்படி. ஆனால் சாமி இல்லை என்பவர்களுக்குப் பயமும் இருக்காது என்று ஒரு காலத்தில் நானும் நம்பிக்கொண்டிருந்தேன். அந்த நம்பிக்கையோடுதான் பத்து வயதில், நாலு பேர் பார்க்க, என் அப்பாவைத் தலைகுனிய வைத்தேன்.

அப்பாவுக்கு எங்கள் ஊரான கொட்டாரத்தில் வெல்டிங் பட்டறை. சாமி இல்லை என்று வாய்விட்டுச் சொல்லித் திரிந்த ஆள் எங்கள் தெருவில் அவர் ஒருவர்தான். சுற்றுவட்டாரக் கோயில்களுக்குச் சூலமும் வேலும் செய்துகொடுத்ததும் அவர்தான். குருசடிக்குச் சிலுவை, அம்மன் கோயிலுக்குக் கம்பிக்கதவு, எல்லாம் எங்கள் பட்டறையில் பிறந்தவைதான். "சாமி இல்லேங்கியே, பின்னே சூலம் எதுக்குடே செய்யுகே?" என்று யாராவது மடக்கினால், "இரும்பு உண்டும்லா" என்பார். அந்தப் பதிலை நான் பள்ளிக்கூடம் முழுக்கப் பரப்பினேன்.

பட்டறையின் மூலையில், தகரத்தகடுகளுக்குப் பின்னால், ஒரு சின்ன இரும்புத் தொட்டில் கிடந்தது. பெயின்ட் அடிக்காமல் துரு ஏறிக்கொண்டிருந்தது. என் பொம்மைக்குக் கொடுங்கள் என்று கேட்டதற்கு, "அது ஆர்டரு மக்கா. குடுத்தவங்க வாங்க வரல்ல" என்று சொல்லிவிட்டார். இரண்டு வருடமாகவா வரவில்லை என்று எனக்கு அந்த முகம் தெரியாதவர்கள்மேல் கோபம் கோபமாக வரும்.

அந்த வருடம் பொங்கல் விடுமுறையில் சூரிய கிரகணம் என்றார்கள். உச்சிவேளையில், நம் பக்கத்தில் முழு வளையமாகத் தெரியுமாம். அப்பாவுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. வெல்டிங் கறுப்புக் கண்ணாடிகளைத் துடைத்துத் துடைத்து வைத்தார். அவரும் அவருடைய தோழர்கள் நாலைந்து பேரும் சேர்ந்து நோட்டீஸ் போட்டார்கள். கிரகண நேரத்தில் வட்டக்கோட்டைக்குப் பக்கத்து வேப்பமரத்தடியில் மரச்சீனிக்கிழங்கும் மீன்கறியும் பரிமாறப்படும், யாரும் வரலாம், கர்ப்பிணிப் பெண்களும் வரலாம். கடைத்தெருவில் நோட்டீஸைக் கொடுக்கும்போது அப்பா வாயாலும் சொன்னார்: "மொதல்ல எனக்க வீட்டுக்காரி வருவா."

அம்மாவுக்கு அப்போது ஏழாம் மாதம். அவளிடம் இதைக் கேட்டாரா என்று எனக்குத் தெரியாது. நான் கேட்டபோது அம்மா, "பாப்பம்" என்றாள். அம்மா செவ்வாய், வெள்ளி தவறாமல் முத்தாரம்மன் கோயிலுக்குப் போகிறவள். அப்பா வாசல் வரைக்கும் பைக்கில் கொண்டுவிடுவார், உள்ளே வரமாட்டார். அவர்களுக்குள் அப்படி ஒரு உடன்படிக்கை.

நானோ அந்த இரண்டு வாரமும் ஒரு இடத்தில் உட்காரவில்லை. வகுப்பில் எனக்கு அடுத்து இருப்பவள், கிரகணத்தில் வெளியே வந்தால் பிள்ளைக்கு உதடு கிழியும் என்றாள். "நிழலுக்கு என்ன பல்லா இருக்கு கடிக்கதுக்கு?" என்று கேட்டேன். அவள் அழுதாள். அழுதும் நான் விடவில்லை. "எங்கம்மா வெளிய வந்து உக்காரல்லேன்னா, நான் அம்மன் கோயிலெச் சுத்தி உருளுகேன், பாத்துக்கோ" என்று எல்லார் முன்னாலும் சவால் விட்டேன். விட்ட பிறகுதான் யோசித்தேன். அம்மா வராவிட்டால்? ராத்திரி படுத்தால் தூக்கத்தில் உருண்டுகொண்டே இருந்தேன்.

பக்கத்து வீட்டுச் சித்தி வேதக்காரி, ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவள். "எங்களுக்குக் கிரகணம் கிரகணின்னு ஒண்ணும் கெடையாது கேட்டியா" என்பாள். ஆனால் முதல்நாளே தன் சினைப்பசுவைத் தொழுவத்துக்கு உள்ளே கட்டி, வாசலில் சாக்குத் தொங்கவிட்டுக்கொண்டிருந்தாள். எதற்கு என்றால், பனிக்காம். தை மாத உச்சிவெயிலில் என்ன பனியோ!

அன்று சாயங்காலம் மாமா வந்தார், அம்மாவின் தம்பி. கையில் ஒரு கட்டு தர்ப்பை. நேராக அப்பாவிடம் போனார்.

"அத்தான், நீங்க என்னத்தெயும் பேசுங்க. மீனு தின்னுங்க, கோழி தின்னுங்க. அக்காளெ மட்டும் விட்டிருங்க."

"ஒங்க அக்காளுக்குக் காலு இருக்குடே. வரணும்னா வருவா, வராண்டாம்னா இருப்பா."

"போன தடவெ பட்டது போராதா?"

அடுப்படியில் ஒரு பாத்திரம் 'ணங்'கென்று விழுந்தது. அம்மா வெளியே வந்து, "வாயெ மூடிக்கிட்டுப் போலே" என்றாள். அம்மா தம்பியை அப்படிப் பேசி நான் கேட்டதே இல்லை. அப்பா தர்ப்பைக் கட்டைப் பார்த்துக்கொண்டே நின்றார். போன தடவை என்ன பட்டது? எனக்குத் தெரிந்து போன கிரகணத்தன்று வீட்டில் பலாப்பழம் வெட்டினார்கள், நான் வயிறு முட்டத் தின்றேன். வேறொன்றும் நினைவில்லை.

மறுநாள் காலையில் அம்மா குளித்து, மஞ்சள் சேலை கட்டி, தானே செருப்பை மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். எனக்கு உயிர் வந்தது. இனி உருளவேண்டியதில்லை. அப்பா ஆட்டோ கொண்டுவந்திருந்தார். கையில் பெரிய கறுப்புக் குடை. எதற்குக் குடை என்றேன். "அம்மைக்கு வெயிலு ஆகாதும்லா மக்கா" என்றார்.

வேப்பமரத்தடியில் ஒரு முப்பது பேர் இருந்திருப்பார்கள். பாதிப்பேர் கிரகணம் பார்க்க, மீதிப்பேர் அம்மாவைப் பார்க்க. அம்மாவுக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டார்கள். அவளைத் தவிர ஒரு கர்ப்பிணியும் வரவில்லை. அண்டாவில் கிழங்கு வெந்துகொண்டிருந்தது. சூரியனின் ஓரத்தை யாரோ கடித்ததுபோல ஒரு பள்ளம் விழுந்தது. கறுப்புக் கண்ணாடி கைக்குக் கை மாறியது. நான் மூன்று பேரிடமிருந்து பிடுங்கிப் பார்த்தேன். ஓடினேன், வந்தேன், மறுபடி ஓடினேன். "ஏட்டி, ஒரு எடத்துல நில்லு" என்று அம்மா சொன்னாள். அவள் குரல் வறண்டிருந்தது.

மெல்ல வெளிச்சம் வடிந்தது. சாயங்காலமும் இல்லை, காலையும் இல்லை, இதுவரை நான் பார்க்காத ஒரு வெளிச்சம். கடல் சாம்பல் நிறமாயிற்று. காக்கைகள் கூட்டமாக வந்து மரத்தில் அடைந்தன. அப்பா நடுவில் நின்று பேசிக்கொண்டிருந்தார். பூமி, சந்திரன், நிழல் என்று கிழங்கையும் எலுமிச்சம்பழத்தையும் கையில் வைத்துக் காட்டினார். பிறகு, "கீழ பாருங்க, கீழ பாருங்க" என்று கத்தினார்.

மணலெல்லாம் வளையல் வளையலாக ஒளி. நூறா, ஆயிரமா! வேப்பிலை இடுக்குகளின் வழியே விழுந்த வெளிச்சப்பொட்டுகள் எல்லாம் சின்னச்சின்ன வளையங்களாக மாறியிருந்தன. "ஒவ்வொரு எல இடுக்கும் ஒரு கேமரா. மேல சூரியன் எப்பிடி இருக்கோ, அதே படம் கீழ விழுகு. இதுல ராகு எங்க, கேது எங்க?" என்று சொல்லிக்கொண்டே அப்பா திரும்பினார். திரும்பியவர் அப்படியே நின்றுவிட்டார்.

அம்மாவின் மேலும் வளையங்கள் விழுந்திருந்தன. தோளில், மடியில், மஞ்சள் சேலை இறுகியிருந்த வயிற்றின்மேல். காற்று அசைக்கும்போது அவை வயிற்றின்மேல் ஊர்ந்தன. அப்பா கையிலிருந்த கிழங்கைக் கீழே போட்டார். விறுவிறுவென்று போய்க் குடையை எடுத்து விரித்து அம்மாவின்மேல் பிடித்தார். வளையங்கள் மறைந்தன.

"வெயிலு... வெயிலு அடிக்கி" என்றார், யாரும் கேட்காமலேயே.

எனக்கு அப்படி ஒரு ஆத்திரம் வந்தது. இரண்டு வாரமாக ஊரையே எதிர்த்து நின்றவள் நான். அடிவயிற்றிலிருந்து கத்தினேன்: "வெயிலு எங்க இருக்குப்பா? சூரியனே இல்லியே! பயந்துட்டீங்களா?"

கூட்டத்தில் யாரோ பக்கென்று சிரித்தார்கள். தோழர் ஒருவரே, "என்ன தோழர், ராகு வெரட்டுகாரோ?" என்றார். மற்றவர்கள் இன்னும் சிரித்தார்கள். அப்பாவின் முகம் வெந்துபோயிற்று. ஆனால் குடையை இறக்கவில்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. அவ்வளவு பேர் சிரித்தும், கொஞ்சம் சரித்துக்கூடப் பிடிக்கவில்லை.

அம்மா நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். நிதானமாகப் பார்த்தாள். "மடக்குங்க" என்றாள். அவர் அசையவில்லை. அம்மா அவர் கையிலிருந்து குடையை வாங்கி, தானே மடக்கி, நாற்காலிக்கு அடியில் போட்டாள். வளையங்கள் மறுபடி வயிற்றின்மேல் விழுந்தன. "அந்தக் கண்ணாடியெ இங்க தா மக்கா" என்று என்னிடம் கேட்டு வாங்கிச் சூரியனைப் பார்த்தாள். பிறகு தட்டை நீட்டினாள். கிழங்கும் மீன்கறியும் போட்டார்கள். சாப்பிட்டாள். குழம்பு சேலையில் சிந்தியதைக்கூடப் பார்க்கவில்லை. அப்பா அவள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே நின்றார். வளையம் உடையும்வரை பச்சைத்தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

திரும்பும்போது நான் அப்பாவோடு பேசவில்லை. அம்மா எங்கள் கட்சிக்கு வந்துவிட்டாள், அப்பா ஓடிவிட்டார் என்பது என் கணக்கு. வீட்டுக்கு வந்ததும் அம்மா கிரகணத்துக்குத் தலைமுழுகவேண்டும் என்றாள். அதுவும் குழப்பமாக இருந்தது. அதைவிடக் குழப்பம், வெந்நீர் போட்டுக் கொண்டுவந்து வைத்தது அப்பா.

அப்புறம் அவர் தோழர்கள் கூட்டத்தில் பேசவே இல்லை. கூப்பிட்டார்கள். வேலை இருக்கிறது என்றார். உண்மையில் வேலை இருந்தது. மறுநாளே அந்தத் துருப்பிடித்த தொட்டிலை வெளியே இழுத்துப் போட்டு, உப்புத்தாள் வைத்துத் தேய்த்து, நீலப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார். பிணக்கை மறந்து, "ஆர்டர் குடுத்தவங்க வந்தாச்சா?" என்று கேட்டேன். "வருகாங்க மக்கா" என்றார், பிரஷ்ஷிலிருந்து கண்ணை எடுக்காமல்.

தம்பி பிறந்தான். உதடு, காது, விரல் எல்லாம் இருந்த இடத்தில் இருந்தன. வாய்க்கு ஒரு குறையும் இல்லை, மூடத்தான் இன்றுவரை தெரியவில்லை. தான் நேர்ந்துகொண்டதால்தான் என்றார் மாமா. பாருங்கள், அறிவியல் வென்றது என்றார் தோழர். அப்பா இரண்டு பேருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார்.

நான் இப்போது நாகர்கோவிலில் ரத்தப் பரிசோதனை நிலையம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். நாள் முழுக்க மற்றவர்களின் பயத்தைச் சின்னச்சின்னக் குப்பிகளில் வாங்கி வைப்பதுதான் தொழில். மந்திரித்த கயிறு கட்டிய கையிலிருந்தும் எடுக்கிறேன், கட்டாத கையிலிருந்தும் எடுக்கிறேன், இரண்டும் ஒரேமாதிரி நடுங்குகின்றன. ஒரு பிள்ளை நல்லபடியாகப் பிறந்ததை வைத்து மாமாவும் எதையும் நிரூபிக்க முடியாது, தோழரும் முடியாது. ஒரு பிள்ளை பிழைக்காமல் போனதை வைத்தும் முடியாது. இந்த இரண்டாவதைப் புரிந்துகொள்ளத்தான் எனக்குப் பன்னிரண்டு வருடம் பிடித்தது.

என் மகள் வயிற்றில் இருந்தபோது அம்மா சொன்னாள். எனக்கும் தம்பிக்கும் நடுவே ஒருவன் இருந்தானாம். போன தடவை, சந்திர கிரகணத்தன்று பலாப்பழம் வெட்டியது அம்மாதான். நான்தான் வேண்டுமென்று அடம்பிடித்தேனாம். அடுத்த மாதம், மூச்சில்லாமல் பிறந்தான். அம்மாவுக்கு மஞ்சள்காமாலை என்று சொல்லி என்னை மாமா வீட்டில் விட்டிருந்தார்கள். நான் அங்கே ஒரு மாதம் குஷியாக இருந்தேன். கத்தி பிடித்த கையால்தான் போயிற்று என்று சொந்தபந்தம் எல்லாம் சொல்லிற்று. சாமி இல்லை என்று சொன்ன வாயால் போயிற்று என்றும் சொல்லிற்று. அம்மா முதலாவதை நம்பிவிட்டாள். இரண்டு வருடம் கத்தியைத் தொடவே இல்லை. காய் வெட்டியது, மீன் வெட்டியது எல்லாம் அப்பா. அவர் சமையலில் பிரியமுள்ளவர் என்று நான் நினைத்திருந்தேன்.

"நோட்டீஸ் போடுகதுக்கு முந்தி ஒரு நாளு எனக்க காலுகிட்ட வந்து இருந்தாரு" என்றாள் அம்மா. "'நீ ஒரு தப்பும் செய்யல்ல பிள்ளே, இதெ ஒனக்கு நான் எப்பிடிக் காட்டுவேன்'னு அழுதாரு. சரி, வாறேன்னு சொன்னேன். அங்க போயி அவருக்கே பயம் வந்துட்டு. அதெப் பாத்த பொறவுதான் எனக்குப் பயம் போச்சு."

போன மாதம் வீட்டுக்குப் போயிருந்தேன். அப்பா கண்ணாடி போட்டுக்கொண்டு, என் மகளுடைய சைக்கிளின் உடைந்த ஸ்டாண்டைப் பற்றவைத்துக்கொண்டிருந்தார். கதவுக்குப் பின்னால் அந்தக் கறுப்புக் குடை தொங்கியது. கம்பி இரண்டு போய்விட்டது, தூரப் போடவில்லை. எதைச் சொல்லி ஆரம்பிப்பது என்று தெரியாமல் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் நான் பார்ப்பதைப் பார்த்தார்.

"அன்னைக்கு வெயிலு அடிச்சுது மக்கா" என்றார், இத்தனை வருடம் கழித்தும்.

"ஆமாப்பா" என்றேன். "நல்ல வெயிலு."