பதினேழால் வகுபடாத எண்

பிள்ளைகளே, யுத்த காலத்தில் மூதூர் போகும் லோஞ்சுப் படகுக்காகத் திருகோணமலை இறங்குதுறையில் வரிசையில் நின்றபோது, எனக்கு முன்னால் நின்ற ஒருவரைப் பற்றி எழுதுகிறேன். அவர் பெயர் எனக்குத் தெரியாது. மெலிந்த மனிதர். மூக்குக்கண்ணாடியின் ஒரு காலை நூலால் கட்டியிருந்தார். வாய்க்குள் ஏதோ எண்களை வகுத்துக்கொண்டே நின்றார்.

சோதனைச் சாவடியில் அவருடைய சட்டைப் பைக்குள் இருந்து ஒரு கடதாசித் துண்டை எடுத்தார்கள். அதில் 720720 என்று மட்டும் எழுதியிருந்தது. அந்த நாட்களில் விளங்காத ஓர் எண்ணுக்காகவே ஆளை மறித்து வைத்துவிடுவார்கள்.

“இது என்ன, இரகசியமா?” என்று ஆமிக்காரர் தமிழிலேயே கேட்டார்.

“இல்லை ஐயா. ஒண்டிலயிருந்து பதினாறு வரைக்கும் எதால வகுத்தாலும் இதில மிச்சம் வராது. இதைவிடச் சின்ன எண் ஒண்டுக்கும் அந்தக் குணம் இல்லை.”

ஆமிக்காரர் சிகரெட் பெட்டியின் பின்புறத்தில் பதின்மூன்றால் வகுத்துப் பார்த்தார். 55440 வந்தது, மிச்சம் இல்லை.

“அப்ப பதினேழு?”

ஓம், வகுபடும் என்று சொல்லிவிடுங்கள் என்று என் மனம் கெஞ்சியது. லோஞ்சும் புறப்படுவதற்கு ஊதிவிட்டது.

“ஏலாது ஐயா. அஞ்சு மிஞ்சும்.”

ஆமிக்காரர் அதையும் வகுத்தார். ஐந்துதான் மிஞ்சியது. சிரித்துக்கொண்டே துண்டைத் திருப்பிக் கொடுத்தார்.

லோஞ்சில் அந்த மெலிந்த மனிதருக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு, “ஓம் எண்டிருக்கலாமே அண்ணை, உங்களுக்குப் பயமில்லையோ?” என்று கேட்டேன்.

“கால் இன்னும் நடுங்குது தம்பி. அதுக்காக, அந்த எண்ணில இல்லாததை எப்பிடிச் சொல்லுறது?”

வகுத்தல் கணக்கில் மிச்சத்தை எழுதாமல் நீங்கள் விளையாட ஓடும்போதெல்லாம், நடுங்கிய அந்தக் கால்கள்தான் எனக்கு நினைவுக்கு வருகின்றன.