விளக்குக்கு லீவு, மயிலுக்குக் கழுத்து

கஸ்தம் கிடங்கில் வேலை பார்ப்பவருக்குக் கை இரண்டு இருக்கும், தொடுவதற்குத்தான் அனுமதி இருக்காது. ஃபாரம் நிரப்பியே விரல் தேய்ந்தவர்களே, நீங்களாவது என் கதையைக் கேளுங்கள். மலேசியாவில் சுங்க இலாகாவுக்குக் கஸ்தம் என்று பெயர்; வெளிநாட்டுச் சரக்கு வரி கட்டும்வரை எங்கள் கிடங்கில் சீலோடு உட்கார்ந்திருக்கும். அதைத் துடைக்கலாம், காயவைக்கலாம், லேபிள் மாற்றலாம், உடைந்திருந்தால் சின்னதாக ரிப்பேர் பார்க்கலாம். ஆனால் என்ன செய்யப்போகிறோம் என்று முன்னாடியே எழுதிக் கொடுத்து, கஸ்தம் ஆபீசர் ரோஹானி அம்மாவிடம், மலாயில் சொன்னால் புவான் ரோஹானியிடம், கையெழுத்து வாங்க வேண்டும். எழுதாததைத் தொட்டால் கிடங்கு லைசென்சுக்கே ஆபத்து.

பாடாங் செராய் பக்கம் இந்தக் கிடங்கில் சேர்ந்தபோது எனக்கு முதல் ஆறு மாதம் தற்காலிகம்தான். "மூணு தப்பு வரைக்கும் கணக்கு. மூணாவதோட வீட்டுக்குக் கிளம்பிடலாம்" என்று மேனேஜர் முதல் நாளே சொல்லிவிட்டார். அதுவரை நான் பஸ் ஏறிப் பினாங்கு ஃபேக்டரிக்குப் போய்க்கொண்டிருந்தவள். போகும்போதும் மகள் தூக்கம், வரும்போதும் மகள் தூக்கம். இங்கே வந்த பிறகுதான் அவள் பள்ளிக்கூடக் கதையெல்லாம் என் காதில் விழுந்தது. இந்த வேலையை விடவே கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

விளக்குக்கு லீவு

கன்டெய்னரில் மழைத்தண்ணீர் இறங்கி அறுபது பித்தளைக் குத்துவிளக்குகள் பச்சை பிடித்துப்போயின. கழுவ அனுமதி கேட்க வேண்டும். கழுவுவதற்கு மலாயில் 'சுச்சி'. என் தமிழ் மண்டைக்குள் சுத்தம், சுத்தம் என்று ஓடிக்கொண்டிருந்ததோ என்னவோ, கை 'சுத்தி' என்று எழுதித் தொலைத்தது. அலாமாக்! மலாயில் சுத்தி என்றால் விடுமுறை.

புவான் ரோஹானி ஃபாரத்தைப் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் படித்தார். பிறகு ஆபீஸ் மொத்தமும் கேட்கிற மாதிரி மலாயில் கேட்டார்: "அறுபது விளக்குக்கும் லீவு குடுத்துடுறேன், வசந்தி. எல்லாம் டாக்டர்கிட்ட எம்.சி. வாங்கிட்டு வந்திருக்கா?"

சாம்பாரும் கூந்தலும்

அடுத்தது லேபிள். கூலிம் கடைக்கார அக்கா ஒருவருக்குச் சீயக்காய்த்தூளும் சாம்பார் தூளும் வந்திருந்தன. இரண்டும் ஒரே அளவு பாக்கெட், ஒரே பழுப்பு நிறம். இந்த முறை ஃபாரத்தை மூன்று தடவை படித்துப் பார்த்தேன், ஒரு எழுத்துகூடப் பிசகவில்லை. லேபிளைத்தான் மாற்றி ஒட்டிவிட்டேன்.

நல்லவேளை, சரக்கு வெளியே போகுமுன் அக்காவே பார்க்க வந்தார். ஒரு பாக்கெட்டை மோந்து பார்த்தார், லேபிளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். திட்டப்போகிறார் என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். அவரோ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்: "ஏன் தங்கச்சி, இந்தச் சாம்பார சாப்பிட்டா பொடுகும் போயிடுமா லா?"

லேபிளை உரித்து ஒட்ட மறுபடியும் ஒரு ஃபாரம். மேனேஜர் மட்டும் சிரிக்கவில்லை. இரண்டு விரலைத் தூக்கிக் காட்டிவிட்டு அவர் அறைக்குப் போய், உள்ளேயிருந்து குரல் கொடுத்தார்: "இன்னும் ஒண்ணுதான் பாக்கி, வசந்தி."

கழுத்து மட்டும்

ஆறாவது மாதம் முடிய நாலு நாள் இருக்கும்போது வந்தது மயில். கரங்கான் முருகன் கோயிலுக்குத் தமிழ்நாட்டிலிருந்து வந்த மரவாகனம். வழியில் கழுத்து உடைந்து தலை தனியாகக் கிடந்தது; சுற்றிய பிளாஸ்டிக்குக்கு வெளியே முறிந்த கழுத்து மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. திருவிழாவுக்கு ஒரு வாரம்தான். "கழுத்தை ஒட்ட அனுமதி வேண்டும்" என்று எழுதிக் கையெழுத்தும் வாங்கிவிட்டேன். எங்கள் கிடங்கில் ரிப்பேர் வேலையெல்லாம் மாணிக்கம் அண்ணன்தான். அவர் மயிலின் உடம்பைச் சுற்றியிருந்த தடித்த பிளாஸ்டிக்கைக் கிழிக்கக் கத்தியை எடுத்தார்.

"அண்ணே, வேணாம்! கழுத்துன்னுதான் எழுதியிருக்கேன், பிளாஸ்டிக்னு எழுதல" என்று பாய்ந்து தடுத்தேன். மூன்றாவது தப்புப் பயம் எனக்கு. "மூட்டை மாதிரி கெடக்கு, முன்ன எது பின்ன எதுன்னு எப்படிமா தெரியும்?" என்றார். நான் சுற்றிச் சுற்றித் தடவிப் பார்த்து, இதுதான் நெஞ்சு என்று காட்டினேன். அண்ணன் பசை போட்டுத் தலையை நிறுத்தினார்.

மறுநாள் சரக்கு எடுக்கக் கோயில் தலைவர் வந்தார். புவான் ரோஹானி முன்னால் பிளாஸ்டிக்கைப் பிரித்தோம். மயில் கம்பீரமாகத் தன் வாலையே பார்த்துக்கொண்டு நின்றது. நான் நெஞ்சு என்று தடவியது அதன் முதுகுப்பக்கம். மாணிக்கம் அண்ணன் கூரையைப் பார்த்தார். லோரியைப் பின்னுக்கு எடுக்க நாங்கள் போடும் சத்தத்தையே தலைவரும் எடுத்துக்கொண்டார்: "என்னம்மா இது, எங்க முருகன் கோஸ்தான்லயா ஊர்வலம் போவாரு?"

மூணாவது

மேனேஜர் மூன்று விரலைத் தூக்கினார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அந்த மயிலின் மூஞ்சியைப் பார்த்தால் சிரிப்பும் வந்தது. பினாங்கு பஸ் கண்ணுக்குள் வந்து நின்றது. ஏன் பிரித்துப் பார்க்காமல் ஒட்டினாய் என்று புவான் கேட்டார். "பிளாஸ்டிக்கைப் பிரிக்க அனுமதி கேட்கலையே, புவான்" என்றேன்.

புவான் ரோஹானி ஒரு ஓரமாக உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தார். தலையை அறுத்துத் திருப்பி ஒட்ட அங்கேயே புது ஃபாரத்தில் கையெழுத்தும் போட்டார். பிறகு மேனேஜரிடம் திரும்பினார். "நான் இதுவரைக்கும் பிடிச்சவங்க எல்லாரும் அனுமதி இல்லாம பிரிச்சவங்க. பிரிக்காம மாட்டுனது இவ ஒருத்திதான். இவள விட்டுடாதீங்க" என்றார். மேனேஜர் தன் மூன்று விரலையும் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, கையைச் சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டார். "சரி, திங்கக்கிழமையிலேருந்து நீ நிரந்தரம். ஆனா கையெடுத்துக் கும்பிடுறேன், அடுத்த தடவை பிளாஸ்டிக்கையும் சேர்த்து எழுது லா!"

தப்பே செய்யாமல் வேலையில் நிரந்தரமானவர்கள் எங்காவது இருக்கலாம், நான் முறைப்படி அனுமதி வாங்கித் தப்பு செய்து நிரந்தரமானவள்.